கோழிக்குப் பயந்த குரல்

ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் முதலில் கேட்டது என் மூச்சுதான். புஸ் புஸ் என்று, பஞ்சர் ஆன டியூப் மாதிரி. எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம். அது சிவப்பானால் நான் பேச வேண்டும். சாம்பல் நிறமானால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் கிடைக்கும் சில விநாடிகளுக்குள் டச்சு மொழியில் ஒரு பதில்.

டெல்லியில், நெதர்லாந்து தூதரகத்துக்குள் ஒரு சின்ன அறை. கண்ணாடிக் கதவு. அந்த ஏ.சி. குளிரிலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. சுடிதாரில் துடைத்துத் துடைத்து, துப்பட்டா முனை ஈரமாகிவிட்டது.

எனக்கு அது மூன்றாவது தடவை. முதல் தடவை திமிரோடு போனேன். எம்.எஸ்சி. கணக்கு படித்தவள், இது என்ன பெரிய பரீட்சை என்று. இரண்டாவது தடவை பயத்தோடு போனேன். இரண்டு தடவையும் வாசிப்பில் பாஸ், அந்த நாட்டைப் பற்றிய கேள்விகளில் பாஸ், பேச்சில் மட்டும் ஊத்திக்கொண்டது. ஏன் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு மின்னஞ்சல் வரும், அதில் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான்.

இந்தத் தடவை வெறும் பயம் இல்லை. ரயிலில் வந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்த வட்டத்துக்கு அந்தப் பக்கம் என் மகன் ஒரு வருஷமாக இருந்தான்.

மூன்றே மாதம் என்றார்கள்

என் கணவர் கார்த்தி ஜேடர்பாளையத்துக்காரர். படிக்கப் போன இடத்தில் வேலை கிடைத்து, நெதர்லாந்திலேயே தங்கி, அந்த நாட்டுக் குடிமகனாகவும் ஆகிவிட்டவர். கல்யாணமான புதிதிலேயே நானும் போயிருக்க வேண்டும். அம்மா படுக்கையில் விழுந்தார். ஒரே மகள் நான். இங்கேயே இருந்துவிட்டேன். மகன் ஆதவனும் நாமக்கல்லில்தான் பிறந்தான்.

அம்மா போன பிறகு கிளம்பலாம் என்றபோது ஆதவனுக்கு ஐந்து முடிந்திருந்தது. அங்கே அந்த வயதில் பள்ளிக்கூடம் கட்டாயம். அப்பா வழியில் அவனுக்குப் பாஸ்போர்ட் சுலபமாகக் கிடைத்துவிட்டது. எனக்கோ, விசா கேட்பதற்கு முன்பே இந்தப் பரீட்சையில் தேற வேண்டும் என்றார்கள்.

"அவனை முன்னாடி கூட்டிட்டுப் போயிடறேன். நீ மூணே மாசத்துல வந்துருவ," என்றார் கார்த்தி. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னை நானே எத்தனை தடவை அறைந்துகொண்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

மூன்று மாதம் ஒரு வருஷமானது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் சாம்பார் வாளியோடு நின்று, "இன்னுமா அம்மிணி நீ போகல?" என்று கேட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆதவன் முதல் நான்கு மாதம் தினமும் வீடியோவில், "அம்மா, எப்ப வருவ?" என்று கேட்டான். ஐந்தாம் மாதத்திலிருந்து அவன் கேட்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. கேட்காத பிள்ளைக்குப் பதில் சொல்ல என்ன இருக்கிறது?

பல் டாக்டர் மாடி

எனக்கு டச்சு சொல்லிக்கொடுத்தவள் நிவேதா. அங்கே படித்துவிட்டுத் திரும்பிய பெண். என்னைவிட எட்டு வயது சின்னவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் தப்புச் செய்தால் மேஜையில் பென்சிலால் ஒரு தட்டு விழும். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் கிளினிக்கின் மாடியில் வகுப்பு. கீழே டிரில் சத்தம் 'ஙீ' என்று கேட்கும். மேலே நான் டச்சு வார்த்தைகளைக் கடித்துக்கொண்டிருப்பேன். யாருக்கு அதிக வலி என்று சொல்வது கஷ்டம்.

டச்சுக்காரர்கள் இரண்டு சொல், மூன்று சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். எழுத்தில் பார்த்தால் ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். நாமும்தான் ஒட்டுகிறோம். ஆனால் நாம் ஒட்டினால் ஒட்டிய இடம் தெரியாது. முதல் சொல்லின் கடைசி ஒலி, அடுத்த சொல்லின் உயிரெழுத்தோடு வழுக்கிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். அவர்களுக்கு அந்தத் தையல் தெரிய வேண்டும்.

வீட்டு டாக்டருக்கு 'ஹொய்ஸ்-ஆர்ட்ஸ்' என்று பெயர். ஹொய்ஸ் என்றால் வீடு, ஆர்ட்ஸ் என்றால் டாக்டர். நான் 'ஹொய்ஸார்ட்ஸ்' என்பேன். பென்சில் தட்டும்.

"அக்கா, அங்க ஒரு வெட்டு இருக்கு. ஹொய்ஸ். ஆர்ட்ஸ். கை தட்டிச் சொல்லுங்க."

தட்டினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு 'ஆவொண்ட்-ஏட்டன்'. ஆஸ்பத்திரிக்கு 'ஸீ-கன்-ஹொய்ஸ்'. ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு. அசை பிரிப்பது கணக்கு மாதிரிதான், ஒரு மாதத்தில் பிடிபட்டுவிட்டது. சனியன் அதற்குப் பிறகுதான் வந்தது.

"தட்டறது சரிக்கா. ஆனா எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருக்கு. முதல் சொல்லுக்குத்தான் அழுத்தம் வரணும். ஸீ-ல ஏறுங்க, அப்புறம் இறங்குங்க."

"ஏறிட்டேனே?"

"எங்க ஏறினீங்க? சமமா ரோடு போட்ட மாதிரி சொல்றீங்க."

போதாக்குறைக்கு, ஒரு விதி சொன்னால் அதைத் தின்பதற்கு நாலு சொல் காத்திருக்கும். நகராட்சிக் கட்டடத்துக்கு 'ஸ்டட்-ஹொய்ஸ்'. அதில் மட்டும் அழுத்தம் பின்னால். அவர்கள் குளிர்காலத்தில் தின்னும் கீரைக்கு 'பூரன்-கோல்'. அதிலும் பின்னால். 'ஏன்?' என்று கேட்டால், "அப்படித்தான்கா," என்பாள். அப்படித்தான் என்ற பதிலைக் கேட்டால் கணக்குப் படித்தவளுக்கு எவ்வளவு கோபம் வரும்!

இரண்டாவது தடவை ஃபெயிலானதும் நிவேதா என் பேச்சைப் பதிவு செய்து, எனக்கே போட்டுக் காட்டினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. யாரோ பக்கத்துல தூங்கற மாதிரி பேசறீங்க. அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டு மார்க் போடறவங்களுக்கு எந்தச் சொல் எங்க முடியுதுன்னே தெரிஞ்சிருக்காது."

யாரோ தூங்குவது மாதிரி. அது சரிதான். என் வாழ்க்கையில் பத்தாயிரம் பேர் என் பக்கத்தில் இருந்தார்கள்.

செட்டுக்குள் சத்தம் ஆகாது

எங்கள் அப்பாவுக்கு நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை. மூன்று கோழிக் கொட்டகை, செட் என்போம். ஒவ்வொன்றும் முந்நூறு அடி நீளம். அம்மாவைப் பார்த்துக்கொண்ட வருஷங்களிலும் சரி, ஆதவன் போன பிறகும் சரி, நான் பாதி நாள் அங்கேதான். முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது, கோழி கொத்திக் குடிக்கும் தண்ணீர் நிப்பிள் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, செத்த கோழியை எடுப்பது.

முட்டைக்கோழி மாதிரிப் பயந்தாங்கொள்ளி உலகத்தில் கிடையாது. புதுக் கலர் சட்டை போட்டுப் போனால் மிரளும். தட்டு கீழே விழுந்தால் மிரளும். ஒன்று மிரண்டால் முந்நூறு அடிக்கும் அந்த மிரட்சி ஓடும். றெக்கை ஒடியும், ஓடில்லாத தோல்முட்டை விழும், ஒரு வாரத்துக்கு முட்டை குறையும். அதனால் செட்டுக்குள் போகும் முன் கதவை மூன்று தட்டுத் தட்டி, மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்து, அப்புறம்தான் உள்ளே. பேசினால் ஒரே குரலில் பேச வேண்டும். ஏற்றம் இறக்கம் கூடாது. பண்ணையில் வேலை செய்கிற எல்லோருக்கும் அந்தக் குரல் வந்துவிடும். வீட்டுக்குப் போன பிறகும் போகாது. எங்கள் வீட்டில் சண்டைகூடத் தாலாட்டு மாதிரிதான் இருக்கும்.

அப்பா குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நானும் கத்தாமலே வளர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூசுகிறது.

ரன்னிங் ரேஸ்

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. அந்தக் காலத்தில் எங்கள் பண்ணையில் கூண்டு கிடையாது. தரையில் உமியைப் பரப்பி விட்டிருப்பார்கள், கோழிகள் கும்பலாக மேயும். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் நான் முதலாவது வந்தேன். ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நேராகச் செட்டுக்கு ஓடினேன். கதவைத் தட்டவில்லை. தொட்டியில் கால் நனைக்கவில்லை.

"அப்பா, நான் பஸ்ட்டு!" என்று உயிர் போகக் கத்தினேன்.

வெள்ளையாக ஓர் அலை எழுந்தது. எல்லாக் கோழியும் ஒரே மூலைக்கு ஓடின. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. இடுப்பு உயரத்துக்குக் குவிந்தன. அப்பா ஓடிப்போய்க் குவியலைக் கலைத்துக் கலைத்துத் தூக்கி எறிந்தார். அடியில் இருந்தவை மூச்சு முட்டிச் செத்துப் போயிருந்தன. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. செத்ததையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, அதே சமமான குரலில், "பஸ்ட்டா சாமி? சரி. ஊட்டுக்குப் போ," என்றார். செல்லமாக என்னை அவர் சாமி என்பார்.

அன்றைக்கு என் தொண்டைக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு நான் கத்தியதில்லை. பிரசவ வலியில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடந்தேன். நர்ஸ் பயந்துபோய், "கத்துங்கம்மா, பரவால்ல," என்றாள்.

வானம் மட்டும் தெரிந்தது

மூன்றாவது பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. சாயங்காலம், செட்டில் லைட் போடும் நேரம். அங்கே அவர்களுக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம். ஆதவனும் கார்த்தியும் வீட்டுக்கு நடந்துகொண்டே வீடியோவில் வருவார்கள். நான் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, கூண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி, செட்டுக் குரலில் பேசுவேன். அது எங்கள் வழக்கம்.

அன்றைக்கு போன் ஆதவன் கையில். கார்த்தி கொஞ்சம் பின்னால், காய்கறிப் பையோடு. ஆதவன் என்னையே பார்த்துக்கொண்டு, ஏதோ ஒரு பல் ஆடுவதைக் காட்டிக்கொண்டே நடந்தான். அவனுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு பாதை தெரிந்தது. அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதை உண்டு, சிவப்பு நிறத்தில். அதன் பெயர் 'ஃபீட்ஸ்-பட்'. முதல் வாரமே அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் சொல்லும்போதெல்லாம், "ஃபீட்ஸ்-ல சத்தமாச் சொல்லணும்மா," என்று திருத்துவான்.

போனைப் பார்த்தபடியே அவன் அந்தச் சிவப்புப் பாதையில் கால் வைத்தான். அவன் தோளுக்குப் பின்னால், தூரத்திலிருந்து, மோட்டார் வைத்த பெரிய சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது எவ்வளவு வேகம் என்று எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. அவன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஃபீட்ஸ்பட்!"

'டேய், வண்டி!' என்று தமிழில் ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சொல்தான் வந்தது. ஃபீட்ஸ் மேல் என் உயிர் மொத்தமும் ஏறி நின்றது. பட் தானாக இறங்கியது.

போன் விழுந்தது. திரையில் வானம் மட்டும். சாம்பல் நிற வானம். சைக்கிள் மணி, ஏதோ கிறீச் என்ற சத்தம், ஓர் ஆள் டச்சில் திட்டுவது. அப்புறம் ஒன்றும் இல்லை.

என்னைச் சுற்றிப் பத்தாயிரம் கோழியும் எழுந்துவிட்டது. கூண்டுக் கம்பியில் றெக்கை அடிக்கும் சத்தம் தகரக் கூரையை ஆட்டியது. நான் அந்த வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பறவை குறுக்கே போனது. முருகா, முருகா என்று சொல்ல வாய் வந்தது, குரல் வரவில்லை. சில விநாடிகள்தான் இருக்கும் என்று பிறகு கார்த்தி சொன்னார். அவருக்கென்ன, அவர் அந்தப் பக்கம் இருந்தார்.

போனை யாரோ எடுத்தார்கள். கார்த்தியின் முகம், சுண்ணாம்பாக வெளுத்து.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பின்னாடி குதிச்சுட்டான். முட்டில சிராய்ப்பு, அவ்ளோதான்."

பக்கத்திலிருந்து அழுகையோடு ஆதவன் எட்டிப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அம்மா, இப்பத்தான் நீ கரெக்டா சொன்ன," என்றான்.

நான் செட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து நின்றார். அந்த இரைச்சலில் குனிந்து என் காதருகே கேட்டார்.

"பையனுக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லீங்கப்பா."

அப்புறம் அவர் கூண்டு கூண்டாகப் போய் ஒடிந்த றெக்கைகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு வாரம் தோல்முட்டையாக விழுந்தது. அவர் அதைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு எட்டு வயது மறுபடி வந்துவிட்டது.

மூணாம் நம்பர் செட்

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அப்பா, "வா அம்மிணி," என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். மூணாம் நம்பர் செட்டில் பழைய கோழிகளை ஏற்றி அனுப்பிவிட்டு, கழுவி, சுண்ணாம்பு அடித்து, புதுக் கோழிக்காகக் காலியாகப் போட்டிருந்தார்கள். முந்நூறு அடிக்கு வெறும் கூண்டு. நிவேதா சொன்னதை அப்பாவிடமும் சொல்லியிருந்தேன்.

அப்பா அந்தக் கோடிக்கு நடந்து போய், திரும்பி நின்று, காதுக்குக் கையை வைத்தார்.

"இங்க கோழி இல்ல. கத்து."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. 'ஸீ-கன்-ஹொய்ஸ்' என்றேன். சமமாக, ரோடு போட்ட மாதிரி.

"கேக்கல சாமி."

மறுபடி சொன்னேன்.

"கேக்கல."

கோழி இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது, தொண்டைக்குத் தெரியவில்லை. நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள், திரையில் பார்த்த அந்த வானத்தை நினைத்துக்கொண்டு சொன்னேன். ஸீ என்ற ஒலி தகரத்தில் போய் இடித்துத் திரும்பியது. அந்தக் கோடியில் அப்பா கையை உயர்த்திக் காட்டினார். அவருக்கு டச்சில் ஒரு சொல் தெரியாது. கேட்கிறதா கேட்கவில்லையா என்பது மட்டும் தெரியும்.

டெல்லிக்குக் கிளம்பும்வரை தினமும் அரை மணி நேரம். வேலைக்கு வருகிற பொம்பளைகள், "அக்காவுக்குச் சாமி வந்துருச்சுங்," என்று பேசிக்கொண்டார்களாம்.

வட்டம் சிவப்பானது

மறுபடி அந்த அறை.

காதுக்குள் ஒரு பெண் குரல் டச்சில் கேட்டது. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கே போவீர்கள்?

வட்டம் சிவப்பானது. கண்ணை மூடினேன். முந்நூறு அடிக்கு அப்பால் அப்பா காதில் கை வைத்து நின்றார். வீட்டு டாக்டரிடம் போவேன் என்று சொன்னேன். சொன்னேன் என்றா எழுதினேன்? கூரையைப் பார்த்து எறிந்தேன். ஹொய்ஸ், ஒரு வெட்டு, ஆர்ட்ஸ்.

கண்ணாடிக் கதவு திறந்தது. மேற்பார்வைக்கு இருந்த பெண் உதட்டில் விரலை வைத்து, "மெதுவா, மேடம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்து அறையிலும் பரீட்சை நடக்கிறதாம்.

வெளியே அனுப்பிவிடுவார்களோ? தலையை ஆட்டினேன். கதவு மூடியது. அடுத்த கேள்வி ஓட ஆரம்பித்திருந்தது, பாதி போய்விட்டது. வட்டம் சிவப்பானது. மெதுவாகப் பேசினால் ஃபெயில், சத்தமாகப் பேசினால் வெளியே. வருவது வரட்டும் என்று சத்தமாகவே பேசினேன். கடைசிக் கேள்விவரை. இன்னொரு தடவை கதவுப் பக்கம் நிழல் ஆடியது. நான் திரும்பவில்லை.

முந்நூறு அடி

ஏழெட்டு வாரம் கழித்து, காலை முட்டை எடுக்கும் நேரத்தில், முதல் செட்டின் நடுவில் நிற்கும்போது இடுப்பில் இருந்த போன் அதிர்ந்தது. மின்னஞ்சல். முட்டை அட்டையைக் கீழே வைத்தேன். திறந்தேன்.

பாஸ்.

மூன்று தடவை படித்தேன். வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கோழிகள் கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தன. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கோடியில் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். கூப்பிடவில்லை. ஓடவும் கூடாது. பொத்திய கையோடு, ஒரே சீரான நடையில், ஒவ்வோர் அடியாக, கதவுவரை நடந்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். மோட்டார் ரூமைத் தாண்டினேன். வேப்பமரத்தடிக்கு வந்ததும் கையை எடுத்தேன்.

என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. வார்த்தையாக இருந்திருக்காது.

அடுத்த நொடி செட்டுக்குள்ளிருந்து இன்னொரு சத்தம் வந்தது.

"சாமீ!"

அப்பா. என்னைப் பாம்பு கடித்துவிட்டது, கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். என் வாழ்நாளில் கேட்காத குரல். அதோடு பத்தாயிரம் கோழியும் எழுந்தது. கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார், ஒரு காலில் செருப்பு இல்லாமல்.

"என்னாச்சு? என்னாச்சு சாமி?"

"பாஸுங்கப்பா."

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். உள்ளே கோழிகள் இரைந்துகொண்டிருந்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பில்லாத காலை மற்றக் கால்மேல் வைத்துத் தேய்த்தார். பிறகு அவருக்குப் பழைய குரல் திரும்ப வந்தது.

"அப்பப் போயிருவ."

கேள்வியாகக் கேட்கவில்லை. எந்த அசையிலும் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. மறுபடி ஃபெயிலானால் என்ன ஆகும் என்றுதான் இத்தனை மாதமும் பயந்திருந்தேன். பாஸானால் இவர் இந்த மூன்று செட்டில் தனியாக நடப்பார் என்று அப்போதுதான் பயந்தேன்.

"ஆமாங்கப்பா," என்றேன். எனக்கும் அந்தக் குரல்தான் வந்தது.